30 லட்சம் ஆண்டுக்கு முந்தைய புயலை எப்படி அளக்கிறார்கள்? பனியில் உறைந்த வெக்னர் காட்டிய வழி!

1930 நவம்பர் 1. கிரீன்லாந்து தீவின் நட்டநடுவே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 மீட்டர் உயரத்தில், பனிக்குள் தோண்டப்பட்ட ஒரு குகை. உள்ளே ஐந்து பேர். ஆனால் குளிர்காலம் முழுக்க ஐந்து பேர் சாப்பிட அங்கே உணவு இல்லை. மூன்று பேருக்குத்தான் தாங்கும். அதனால் இரண்டு பேர் கிளம்பியாக வேண்டும்.

கிளம்பியவர்களில் ஒருவருக்கு அன்றுதான் 50-வது பிறந்தநாள். பெயர் ஆல்ஃபிரட் வெக்னர். கூடப் போனவர் ராஸ்மஸ் வில்லும்சென் என்ற கிரீன்லாந்து இளைஞர். இரண்டு நாய் வண்டிகள், 17 நாய்கள், கடற்கரை முகாம் வரை 400 கிலோமீட்டர். இருவருமே போய்ச் சேரவில்லை.

கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னவர் என்று பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியில் வருவாரே, அந்த வெக்னர்தான் இவர். பாடத்தில் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. அவர் தொழில்முறை வானிலை விஞ்ஞானி. மேகம், மழை, சுழல்காற்று இதெல்லாம்தான் அவருடைய அன்றாட வேலை. பூமி சூடாகும்போது புயல்கள் என்ன ஆகும் என்று இன்று ஆராய்பவர்கள், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய வெப்ப காலங்களைப் புரட்டிப் பார்க்கிறார்கள். அந்த வேலைக்கு முதல் வரைபடங்களைப் போட்டுக்கொடுத்தவர்களில் ஒருவர் வெக்னர்.

பட்டம், பலூன், பனி

1880-ல் பெர்லினில் பிறந்தார். அப்பா மத போதகர், பழைய மொழிகள் கற்பிக்கும் ஆசிரியரும்கூட. மகன் வானியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆனால் தொலைநோக்கி முன்னால் உட்கார்ந்திருக்கும் வாழ்க்கை அவருக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் குர்ட்டுடன் சேர்ந்து வானிலை ஆய்வகத்தில் வேலைக்குப் போனார். மேலே காற்று எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அப்போது செயற்கைக்கோள் கிடையாது. கருவிகளைக் கட்டிப் பட்டம் விடுவார்கள், இல்லையென்றால் பலூனில் தாங்களே ஏறிவிடுவார்கள். 1906 ஏப்ரலில் அண்ணனும் தம்பியும் பலூனில் 52 மணி நேரத்துக்கும் மேல் தொடர்ந்து பறந்தார்கள். அந்தக் காலத்தில் அது உலக சாதனை.

அதே ஆண்டு டென்மார்க் பயணக்குழு ஒன்றுடன் கிரீன்லாந்துக்குக் கிளம்பினார். அங்கே பட்டமும் பலூனும் விட்டு காற்றை அளந்ததுதான் அவர் வேலை. அந்தக் குழுவின் தலைவரும் கூட வந்த இருவரும் பனியிலேயே இறந்துபோனார்கள். அதைப் பார்த்த பிறகும் வெக்னர் 1912-ல் மறுபடி கிரீன்லாந்துக்குப் போனார். இந்த முறை ஐஸ்லாந்து குதிரைகளுடன். பனிமேட்டின் மேலேயே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, அதை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கடந்தார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். முடிவில் உணவு தீர்ந்துபோய், குதிரைகளையும் கடைசியில் நாயையும் சாப்பிட வேண்டிய நிலை. தற்செயலாக அந்தப் பக்கம் வந்த ஒரு பாதிரியார் கண்ணில் பட்டதால் உயிர் பிழைத்தார்கள்.

இந்த இரண்டு பயணங்களுக்கு நடுவே, 1911-ல், அவர் ஒரு புத்தகம் எழுதி முடித்திருந்தார். காற்றுமண்டலத்தில் வெப்பம் எப்படி வேலை செய்கிறது என்பது பற்றிய பாடநூல். மேகத்துக்குள் பனித்துகளும் நீர்த்துளியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், நீர்த்துளி ஆவியாகி, அந்த ஆவியை உறிஞ்சிப் பனித்துகள் வளரும் என்று அதில் விளக்கினார். வளர்ந்த துகள் கனமாகி விழும். விழும் வழியில் உருகினால் மழை. இன்றைக்கும் வானிலைப் பாடங்களில் அந்த நிகழ்வுக்கு அவர் பெயரும் சேர்த்துத்தான் சொல்லப்படுகிறது.

ஒடிசாவில் பனிப்பாறையா?

கண்டங்கள் பற்றிய யோசனை அவருக்கு ஒரு உலக வரைபடத்தைப் பார்த்தபோது வந்தது. தென் அமெரிக்காவின் கிழக்கு ஓரமும் ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரமும் கிழித்த காகிதம் மாதிரி பொருந்துகிறதே என்று தோன்றியது. 1912 ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் இதைப் பற்றி முதல் முறையாகப் பேசினார். 1914-ல் முதல் உலகப் போர் வெடிக்க, ராணுவத்துக்குப் போய் இரண்டு முறை காயமடைந்தார். ஓய்வில் இருந்தபோது எழுதியதுதான் 1915-ல் வந்த அந்தப் புகழ்பெற்ற நூல். நூறு பக்கம்கூட இல்லை.

கரையோரங்கள் பொருந்துவது மட்டுமே அவருடைய ஆதாரம் அல்ல. வானிலை ஆள் என்பதால் அவர் பாறைகளைப் பார்த்ததே வேறு கண்ணால். ஒரு பாறை உருவான காலத்தில் அங்கே என்ன வானிலை இருந்தது? இதுதான் அவர் கேள்வி.

உதாரணத்துக்கு நம்ம ஒடிசாவில் உள்ள தால்ச்சேர். அங்கே பெரிய பெரிய உருண்டைக் கற்கள் களிமண்ணோடு கலந்து கிடக்கின்றன. பனிப்பாறை நகரும்போது அரைத்துத் தள்ளிக்கொண்டு வந்து போடுகிற குப்பை அது. இதை 1850-களிலேயே புவியியலாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். சுமார் 30 கோடி ஆண்டு பழையது. வெயில் கொளுத்துகிற ஒடிசாவில் பனிப்பாறை எப்படி வந்தது? மறுபக்கம், வட துருவத்துக்குப் பக்கத்தில் உள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் நிலக்கரி கிடைக்கிறது. அதிலும் வெப்ப மண்டலச் செடிகளின் தடங்கள்.

ஒட்டுமொத்த பூமியும் ஒரு காலத்தில் உறைந்தது, இன்னொரு காலத்தில் கொதித்தது என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் ஒடிசாவில் பனி இருந்த அதே காலகட்டத்தில் ஐரோப்பாவில் சதுப்புக் காடுகள் தழைத்து, நிலக்கரியாக மாறிக்கொண்டிருந்தன. ஒரே பூமியில் இரண்டும் எப்படி? வெக்னரின் பதில் எளிமையானது. வானிலை மட்டும் மாறவில்லை, நிலமும் இடம் மாறியது. இந்தியா அப்போது தென் துருவத்துக்கு அருகே ஆப்பிரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியாவோடு ஒட்டிக்கொண்டு இருந்தது.

பெரும்பாலான புவியியலாளர்கள் ஏற்கவில்லை. கண்டங்களைத் தள்ளுவது எது என்று அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை, அது நியாயமான குறைதான். கூடவே, வானிலை பார்க்கிற ஆளுக்கு எங்கள் துறையில் என்ன வேலை என்ற எரிச்சலும் இருந்தது. கடலடித் தரை விரிகிறது என்பதற்கு ஆதாரம் கிடைத்து அவர் சொன்னது ஏற்கப்பட்டது 1960-களில்தான். அதைப் பார்க்க அவர் இல்லை.

மாமனாரும் மருமகனும் போட்ட வரைபடம்

வெக்னர் 1913-ல் எல்ஸே என்பவரைத் திருமணம் செய்தார். எல்ஸேயின் அப்பா விளாடிமிர் கோப்பென். உலகத்தின் காலநிலையை வெப்ப மண்டலம், வறண்ட மண்டலம் என்று எழுத்துகளால் வகைப்படுத்தியவர். இன்றைக்கும் புவியியல் படிக்கிறவர்கள் அவருடைய வகைப்பாட்டைப் படிக்காமல் தப்பிக்க முடியாது. மருமகன் கண்டங்கள் நகர்வதைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது, வேண்டாம் என்று அவர் முதலில் தடுத்தார். பிறகு அவரே அந்தப் பக்கம் வந்துவிட்டார்.

1924-ல் இருவரும் சேர்ந்து பழங்காலக் காலநிலை பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். அதில் ஒவ்வொரு யுகத்துக்கும் ஒரு உலக வரைபடம். கண்டங்களை அந்தக் காலத்தில் இருந்த இடத்தில் வைத்து, மேலே எழுத்துகளைப் போட்டார்கள். பனித் தடம் உள்ள இடத்துக்கு ஒரு எழுத்து, நிலக்கரிக்கு ஒன்று, உப்புப் படிவத்துக்கு ஒன்று, பாலைவன மணற்கல்லுக்கு ஒன்று. இன்றைய வரைபடத்தில் கன்னாபின்னா என்று சிதறிக் கிடக்கும் எழுத்துகள், அந்தப் பழைய வரைபடத்தில் பட்டை பட்டையாக ஒழுங்காக நின்றன. நடுவில் மழைக் காடு, இரு பக்கமும் பாலைவனம், ஓரத்தில் பனி.

பனியுகங்கள் ஏன் வந்து வந்து போகின்றன என்பதற்கு செர்பிய கணித மேதை மிலுட்டின் மிலன்கோவிச் போட்ட கணக்கும் அதே நூலில் வெளியானது. பூமியின் சாய்வும் சுற்றுப்பாதையும் மெல்ல மாறுவதால் வெயிலின் அளவு கூடிக் குறைகிறது என்ற கணக்கு. அதையும் அன்று பலர் நம்பவில்லை. ஒரே நூலில் இரண்டு பெரிய யோசனைகள், இரண்டுக்கும் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் மரியாதை கிடைத்தது.

இதற்கு நடுவே 1917-ல் வெக்னர் இன்னொரு வேலையும் செய்து முடித்திருந்தார். ஐரோப்பாவில் வீசிய சூறாவளிச் சுழல்களை, அதாவது டொர்னாடோக்களைப் பற்றிப் பழைய பதிவுகளைத் தேடி எடுத்து, 250-க்கும் மேற்பட்டவற்றைப் பட்டியலிட்டு ஒரு தனி நூல். அதுவரை அமெரிக்காவில்தான் இதெல்லாம் என்று பலரும் நினைத்திருந்தார்கள். பழைய பதிவைத் தேடினால்தான் ஆபத்தின் உண்மையான அளவு தெரியும் என்பதை அவர் அங்கேயே செய்து காட்டிவிட்டார்.

சரி, இதுக்கும் இன்றைய புயலுக்கும் என்ன சம்பந்தம்?

புயலுக்குப் பெட்ரோல் கடல்நீரின் வெப்பம். வெதுவெதுப்பான கடலில் இருந்து நீர் ஆவியாகி மேலே போய், குளிர்ந்து மறுபடி நீராகும்போது தன்னிடம் உள்ள வெப்பத்தை விட்டுவிடுகிறது. அந்த வெப்பம்தான் புயலைச் சுழற்றுகிறது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அது சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அப்படின்னா பூமி சூடானால் புயல் வலுவாக வேண்டும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

ஆனால் கணக்கு சரியா என்று எப்படிச் சோதிப்பது? செயற்கைக்கோள் பதிவுகள் சில பத்தாண்டுகளுக்குத்தான் உள்ளன. இன்று நாம் போய்க்கொண்டிருக்கும் அளவு வெப்பத்தை மனித இனம் எழுதி வைத்த வரலாற்றில் பார்த்ததே இல்லை. அதனால்தான் பாறைகளிடம் போகிறார்கள்.

ஸ்பெயினின் பைரனீஸ் மலையில் ஒரு தடயம் இருக்கிறது. 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் சராசரி வெப்பநிலை புவியியல் அளவில் பார்த்தால் சட்டென்று 5 டிகிரிக்கும் மேல் உயர்ந்தது. அந்த நேரத்தில் அங்கே ஓடிய ஆறுகள் போட்டுவிட்டுப் போன கூழாங்கற்களின் அளவும் ஆற்றுத் தடத்தின் ஆழமும் திடீரென்று பெரிதாகின்றன. அவற்றை அளந்த 2018-ம் ஆண்டு ஆய்வு, வெள்ளத்தின் அளவு குறைந்தது 1.35 மடங்கு, அதிகபட்சம் 14 மடங்கு வரை கூடியிருக்கலாம் என்று கணக்கிட்டது. இரண்டு எண்ணுக்கும் இடையே எவ்வளவு தூரம் பாருங்கள். கல் பொய் சொல்லாது, ஆனால் முழுசாகவும் சொல்லாது.

அந்தக் காலத்தை அப்படியே எடுத்து நாளைக்குப் பொருத்திவிட முடியுமா என்றால், முடியாது. அப்போது இமயமலை இன்றைய உயரத்தில் இல்லை. இந்தியா ஆசியாவோடு முட்டி முடிக்கவில்லை. கடல் வழிகளே வேறு, அதனால் காற்றின் பாதையும் வேறு. முதலில் நிலத்தைச் சரியான இடத்தில் வை, அப்புறம் வானிலையைப் பேசு. வெக்னரும் கோப்பெனும் 1924-ல் செய்தது அதுதான். இன்று சூப்பர் கம்ப்யூட்டரில் பழங்காலப் புயல்களை உருவாக்கிப் பார்ப்பவர்களும் முதலில் போடுவது பழைய கண்டங்களின் வரைபடத்தைத்தான்.

அதனால்தான் பலரும் பிளியோசீன் எனப்படும் காலத்தை விரும்புகிறார்கள். சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையது. கண்டங்கள் கிட்டத்தட்ட இன்றைய இடத்திலேயே இருந்தன. காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 400 பங்கு, இப்போது நாம் 420-ஐத் தாண்டிவிட்டோம். பூமி தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 2 முதல் 3 டிகிரி வரை சூடாக இருந்தது. அந்தக் காலத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்த 2016-ம் ஆண்டு ஆய்வில், புயல்களின் உச்ச வலிமை கூடியது, அவை நீடிக்கும் காலம் கூடியது, வலுவின் உச்சத்தைத் தொடும் இடம் துருவங்களின் பக்கம் நகர்ந்தது. எண்ணிக்கை மட்டும் பிடிபடவில்லை. ஒரு மாடல் கூடுகிறது என்றது, இன்னொன்று குறைகிறது என்றது. இன்னும் சற்று முந்தைய பிளியோசீன் கட்டத்தை எடுத்துக்கொண்ட 2010-ம் ஆண்டு ஆய்வில் புயல்கள் இன்றைவிட இரண்டு மடங்கு வந்தன. எண்ணிக்கையில் இன்றைக்கும் ஒருமித்த முடிவு இல்லை.

தடயத்தைத் தப்பாகப் படிக்கும் ஆபத்தும் உண்டு. பஹாமாஸ் தீவுகளில் கடலோரக் குன்றின் மேல் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள பாறைகள் உட்கார்ந்திருக்கின்றன. சுமார் 1.2 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய வெப்ப காலத்தில், இன்று பார்க்கவே பார்க்காத ராட்சதப் புயல்கள்தான் அவற்றைத் தூக்கி வைத்தன என்று ஒரு தரப்பு சொன்னது. அப்போது கடல் மட்டம் இன்றைவிட 6 முதல் 9 மீட்டர் உயரம். அவ்வளவு உயரத்தில் கடல் நின்றால், இன்றைய அளவுப் புயலே அந்த வேலையைச் செய்துவிடும் என்று 2017-ல் வேறொரு குழு கணக்குப் போட்டுக் காட்டியது. கரையில் வீடு இருப்பவருக்கு இந்த இரண்டாவது பதில் ஆறுதலாக இருக்குமா என்பது வேறு விஷயம்.

ஆக, பழைய பாறைகளும் இன்றைய கணினியும் சேர்ந்து சொல்வது இதுதான்: புயல்கள் எத்தனை வரும் என்பதில் சந்தேகம் இருக்கிறது, வருகிற புயல் வலுவாகவும் கூடுதல் மழையோடும் வரும் என்பதில் சந்தேகம் குறைவு. பூமி 2 டிகிரி சூடானால் புயல் மழை சுமார் 14 சதவீதமும், காற்றின் உச்ச வேகம் சுமார் 5 சதவீதமும் கூடும் என்பது 2020-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லப்பட்ட நடு மதிப்பீடு. 5 சதவீதம்தானே என்று தோன்றும். காற்றின் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கில் ஏறும், அதனால் 5 சதவீத வேகம் என்றால் சுமார் 16 சதவீத சக்தி. கடந்த நான்கு பத்தாண்டுகளில் மொத்தப் புயல்களில் கடுமையானவற்றின் பங்கு ஏற்கனவே கூடியிருக்க வாய்ப்பு அதிகம் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021-ல் கூறிவிட்டது.

திரும்பி வராத பயணம்

1930-ல் வெக்னர் ஏன் மறுபடி கிரீன்லாந்துக்குப் போனார்? அப்போது அவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். வீடு, மூன்று மகள்கள், நிம்மதியான வேலை. ஆனால் பனிமேட்டின் மேலே காற்று ஆண்டு முழுக்க எப்படி நடந்துகொள்கிறது, பனி எவ்வளவு ஆழம் என்று யாரும் அளக்கவில்லை. மூன்று நிலையங்கள் அமைக்கத் திட்டம். நடுவில் இருந்த நிலையத்துக்குப் பெயர் ஐஸ்மிட்டே, பனியின் நடுப்பகுதி என்று அர்த்தம்.

எல்லாமே தாமதமானது. கடல் பனி கரையாமல் கப்பல் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தது. மோட்டார் பொருத்திய பனி வண்டிகள் வழியிலேயே நின்றுபோயின. ஐஸ்மிட்டேயில் இருந்த இருவருக்குப் போதிய உணவும் எரிபொருளும் போய்ச் சேரவில்லை. செப்டம்பரில் வெக்னரே 15 நாய் வண்டிகளோடு கிளம்பினார். கூட வானிலையாளர் ஃபிரிட்ஸ் லோவேயும் 13 கிரீன்லாந்துக்காரர்களும். புயலும் குளிரும் தாங்காமல் 12 பேர் திரும்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்தப் பனியை மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். வில்லும்சென் மட்டும் கூடவே வந்தார்.

40 நாள் பயணம். வெப்பநிலை மைனஸ் 50-க்கும் கீழே. அக்டோபர் 30-ல் போய்ச் சேர்ந்தபோது வண்டிகளில் கொண்டுவந்த பொருள் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. லோவேயின் கால் விரல்கள் பனியில் கருகிவிட்டன. மருத்துவர் இல்லாத அந்தக் குகையில், சக விஞ்ஞானி ஒருவர் கைக்குக் கிடைத்த கருவியால் அவற்றை வெட்டி எடுத்தார். லோவே பிழைத்தார்.

வெக்னரின் உடல் 1931 மே 12-ல் கிடைத்தது. பாதி வழியில், பனியில் நட்டு வைத்த அவருடைய ஸ்கீ பலகைகள் அடையாளம் காட்டின. தூங்கும் பையின் உறையில் வைத்துத் தைத்து, கவனமாக அடக்கம் செய்யப்பட்டிருந்தார். செய்தவர் வில்லும்சென். மாரடைப்பாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது, வெக்னர் நிறையப் புகைப்பவர். அடக்கம் செய்துவிட்டு, அவருடைய நாட்குறிப்பையும் எடுத்துக்கொண்டு வில்லும்சென் தனியாகக் கிளம்பியிருக்கிறார். வில்லும்சென்னும் கிடைக்கவில்லை, நாட்குறிப்பும் கிடைக்கவில்லை. உலகம் வெக்னரின் பெயரைப் படிக்கிறது. இந்த இளைஞரின் பெயரைப் பலரும் சொல்வதுகூட இல்லை.

எல்ஸேயின் விருப்பப்படி கணவரின் உடல் அங்கேயே விடப்பட்டது. எல்ஸே 1992 வரை, நூறு வயது வாழ்ந்தார்.

பயணக்குழுவின் வேலை நிற்கவில்லை. வெடி வைத்து எதிரொலியை அளந்து, பனிமேட்டின் ஆழம் இரண்டரை கிலோமீட்டருக்கும் மேல் என்று கண்டார்கள். ஐஸ்மிட்டேயில் குளிர்காலத்தைக் கழித்த எர்ன்ஸ்ட் சோர்கே, 15 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, பனியின் அடுக்குகளை ஆண்டு ஆண்டாகப் பிரித்துப் படித்தார். பின்னாளில் பனியைத் துளைத்து எடுத்துப் பழைய காலநிலையைப் படிக்கிற முறைக்கு அது ஒரு ஆரம்பம்.

1966-ல் அமெரிக்க ராணுவம் கிரீன்லாந்தின் வடமேற்கில் இருந்த கேம்ப் செஞ்சுரி முகாமில் 1,387 மீட்டர் ஆழம் துளைத்தது. அடியில் கொஞ்சம் மண்ணும் வந்தது. அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை, உறைபெட்டிகளில் பல பத்தாண்டுகள் கிடந்தது. பிறகு எடுத்துக் கழுவிப் பார்த்தபோது உள்ளே குச்சிகளும் இலைத் துணுக்குகளும் இருந்தன. 2023-ல் வெளியான ஆய்வுப்படி, சுமார் 4.16 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் பனியே இல்லை, செடிகள் வளர்ந்தன. அப்போது காற்றில் இருந்த கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 280 பங்கு.